நனைந்த கல்லும் காய்ந்த மடுவும்

கூதல் மலையில் சடையன் என்று ஒரு கருமந்திக் குரங்கு இருந்தான். தலையைச் சுற்றி நிறைய முடி; அதைவிட நிறையப் பேச்சு. அங்கிருந்த மந்திக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன்.

சடையன் கெட்டவன் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் அவன்மேல் உங்களுக்குக் கோபம் வரும், அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சிரித்தால் அவனுக்குப் பிடிக்கும். சிரித்துவிட்டு, "சடையன் மாதிரி வருமா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தலைகால் புரியாது. அவ்வளவுதான் அவனுடைய குற்றம்.

மலையின் மடிப்பில் ஒரு சோலை. அந்தச் சோலைக்குள்ளிருந்து ஓர் ஓடை கிளம்பி, புல்வெளி ஓரமாக இறங்கி, பாறைகளுக்கு நடுவே கீழே போகும். புல்வெளியில் வரையாடுகள், சோலையில் மந்திகள், புதரில் முயல்களும் முள்ளம்பன்றிகளும். எல்லாருக்கும் அந்த ஓடைதான் தண்ணீர்.

முன்பெல்லாம் ஓடைக்கு நடந்துபோய்தான் குடித்தார்கள். பிறகு மந்திகள் மூங்கிலைப் பிளந்து வாய்க்கால் மாதிரி வரிசையாக வைத்து, புல்வெளியில் இருந்த ஒரு பாறைக்குழிக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தன. அதுதான் ஊர்த்தொட்டி. நின்ற இடத்திலேயே குடிக்கலாம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் என்பார்களே. அந்த மலைக்காரர்களும் ஓர் அளவு வைத்திருந்தார்கள். மூங்கில் வாய்க்கால் தொடங்கும் இடத்தில், ஓடைக்கு நடுவே ஒரு கரும்பாறை. அதன் இடுப்பில் வெள்ளையாக ஒரு வரி ஓடும். அதற்கு வரிக்கல் என்று பெயர். தண்ணீர் அந்த வரியைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை எடுக்கலாம். வரிக்குக் கீழே இறங்கிவிட்டால் மூங்கிலை விலக்கிவிட்டு எல்லாரும் பழையபடி நடந்துபோய்க் குடிக்க வேண்டும்.

தினமும் காலையில் முள்ளன் என்கிற முள்ளம்பன்றி போய்க் கல்லைப் பார்ப்பான். பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்துவான்.

"கல்லு நனைஞ்சிருக்கு!"

புல்வெளியிலிருந்து எல்லாரும் சேர்ந்து, "அப்ப சரி!" என்பார்கள். அதற்குப் பிறகுதான் முதல் வாய்த் தண்ணீர். சின்னக் குட்டிகூட அந்தக் குரல் கேட்காமல் தொட்டியில் வாய் வைக்காது.

ஒரு வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. புல் சோகை பிடித்துக் கிடந்தது. வரையாட்டுக் குட்டிகள் துள்ளவில்லை. தாய் வயிற்றை ஒட்டிப் படுத்தே கிடந்தன. வரையாட்டு மந்தைக்குத் தலைவி கொம்பாயி. பார்க்கத்தான் கறார், குட்டிகள் என்றால் உருகிவிடுவாள். அவை சுருண்டு கிடப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் புல் இறங்கவில்லை.

அப்போது வடக்கேயிருந்து வாலாட்டிக் குருவி வந்தாள். குளிர்காலம் முழுக்க இந்த ஓடைக்கரையில் பூச்சி பிடித்துவிட்டுப் பங்குனியில் திரும்பிப் போகிறவள். வருஷா வருஷம் வருகிறவள்தான். குட்டிகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா இருக்க மனசு வராமல் ஊர்க்கதை சொன்னாள். அவள் ஊரில் வானத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பனி கொட்டுமாம். மலையே பஞ்சு மூட்டை மாதிரி ஆகிவிடுமாம். கரடிக் குட்டிகள் உச்சியிலிருந்து முதுகைக் கொடுத்துச் சறுக்கிக்கொண்டே வருமாம்.

குட்டிகள் தலையைத் தூக்கின. எத்தனையோ நாளைக்குப் பிறகு.

"நம்ம மலைக்கு அது வராதா, அத்தை?" என்று ஒரு குட்டி கேட்டது. வராது கண்ணு என்று சொல்ல வாலாட்டிக்கு வாய் வரவில்லை. வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மரத்தின்மேல் சடையன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மார்கழி பிறந்தது. கூதல் மலையில் பனி கொட்டாது. ஆனால் மார்கழியில் புல்மேல் இருக்கும் ஈரம் விடிவதற்குள் உறைந்து வெள்ளையாகிவிடும். வெயில் ஏறினால் போய்விடும். ஒருநாள் சாயங்காலம் சடையன் நனைந்த கொப்பு ஒன்றை வடக்குச் சரிவில் போட்டுவிட்டுப் போனான். காலையில் வந்து பார்த்தால் இலைக்கு இலை கண்ணாடி பூசியிருந்தது. வடக்குச் சரிவில் அந்த மாதங்களில் வெயிலே விழாது. மத்தியானம் ஆகியும் அது உருகவில்லை.

சடையன் கொப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மந்திகள் எல்லாம் ஆளுக்கொரு கொப்பை ஒடித்து, ஊர்த்தொட்டியில் முக்கி, வடக்குச் சரிவில் உதறின. முக்கினார்கள், உதறினார்கள். குரங்கு கையில் பூமாலை என்று ஊரில் கேலி பேசுவார்கள். அன்றைக்கு அந்தக் கைகள் செய்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடிந்தபோது சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று பளபளத்தது.

குட்டிகள் முதலில் பயந்தன. ஒன்று காலை வைத்தது, வழுக்கியது, உட்கார்ந்த வாக்கில் கீழே வரைக்கும் போய் நின்றது. எழுந்து திரும்பிப் பார்த்து, கெக்கெக்கே என்று சிரித்தது. அவ்வளவுதான், மற்றவையெல்லாம் பின்னாலேயே பாய்ந்தன. கொம்பாயி ஒரு பாறைமேல் நின்று அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள். சடையனிடம் வந்து, "நீ நல்லா இருக்கணும்யா" என்றாள். சடையனுக்கு அன்று சாப்பாடே தேவைப்படவில்லை.

இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை.

செய்தி பக்கத்து மலைகளுக்குப் போனது. காட்டெருமைக் கன்றுகள் வந்தன, மலை அணில்கள் வந்தன, முகம் தெரியாத முயல்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்தன. வந்தவர்கள் எல்லாரும் சடையனைப் புகழ்ந்தார்கள். ஒரு சரிவு போதவில்லை. இரண்டாவது சரிவுக்கும் பனி போட வேண்டியிருந்தது. வந்தவர்களுக்குக் குடிக்கவும் தண்ணீர் வேண்டும். ஊர்த்தொட்டி மத்தியானத்துக்குள் வறண்டுபோனது.

தை பிறந்ததும் சடையன் ஒரு யோசனை சொன்னான். வரிக்கல்லுக்குப் பத்தடி கீழே, ஓடைக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் போட்டு ஒரு தடுப்பு கட்டினால் தண்ணீர் தேங்கி நிற்கும். இன்னும் இரண்டு மூங்கில் வாய்க்கால் போட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றான். எல்லாரும் சேர்ந்து கட்டினார்கள். தண்ணீர் தேங்கியது. குட்டிக்குளம் மாதிரி ஆனது.

கொம்பாயிக்கு மட்டும் மனசு ஒரு நிமிஷம் உறுத்தியது. மழை குறைந்த வருஷமாயிற்றே, இவ்வளவு எடுத்தால் ஓடை தாங்குமா என்று சடையனிடம் கேட்டாள். அவன் சிரித்தான். "அதுக்குத்தானே கல்லு இருக்கு? நாளைக்குக் காலையில முள்ளன் சொல்றதைக் கேளு."

மறுநாள் காலையில் முள்ளன் கத்தினான்.

"கல்லு நனைஞ்சிருக்கு!"

"அப்ப சரி!" என்றது மலை. கொம்பாயியும் சேர்ந்துதான் சொன்னாள்.

இப்போது கீழே போவோம். மேலே இருந்தவர்கள் யாரும் போகாத இடம் அது. மந்திகளுக்கு அங்கே பழம் இல்லை. வரையாடுகளுக்கு அந்த இருட்டுப் பள்ளம் பிடிக்காது. அங்கே பாறைகளுக்கு நடுவில் ஒரு மடு. அதில் செங்காலி என்ற நண்டு குடியிருந்தாள்.

செங்காலி அப்போது பிள்ளைக்காரி. நண்டுக்குப் பிள்ளைகள் வயிற்று மடலுக்குள்தான் இருக்கும். முட்டையிலிருந்து வந்த பிறகும் கொஞ்ச நாள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஓடுகிற தண்ணீர் மடலுக்குள் போய்வந்தால்தான் அவற்றுக்கு மூச்சு. செங்காலிக்கு நாற்பது பிள்ளைகள். ஒவ்வொன்றும் ஒரு கடுகளவு.

தை பிறந்த பிறகு மடுவுக்கு வருகிற தண்ணீர் மெலிந்தது. பிறகு நூலாக வந்தது. ஒருநாள் நூலும் அறுந்தது. இருந்த தண்ணீர் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கொட்டாங்குச்சி அளவில் நின்றது. மீன்குஞ்சுகள் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாயை வாயைத் திறந்தன. செங்காலி ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டாள். அந்தக் குஞ்சுகளை எங்கே போகச் சொல்வது?

பூச்சி தேடிக்கொண்டு ஓடையோரமாகவே வந்த வாலாட்டிக் குருவி இதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். தன் வாயால் வந்த வினைதானோ என்று பயந்தாள். ஒரே பறப்பாக மேலே போய்ச் சடையனிடம் சொன்னாள்.

சடையன் அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, தேங்கி நின்ற தண்ணீரையும் அதில் நனைந்து நின்ற வரிக்கல்லையும் காட்டினான். அளவு மீறவே இல்லை என்றான். கீழே எங்கேயாவது பாறையில் ஓட்டை விழுந்திருக்கும் என்றான். அப்புறம், நாம் தண்ணீரைத் தின்றா விடுகிறோம், எல்லாம் சரிவில் பத்திரமாகத்தானே இருக்கிறது, மாசி வெயிலில் உருகி மறுபடி அதே ஓடைக்குத்தானே போகப்போகிறது என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வாலாட்டி பிழைக்க வந்த இடத்தில் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அவள் சொன்னதை எல்லாம் செங்காலி கேட்டுக்கொண்டாள். பிறகு, தானே போய்க் கேட்பதாகச் சொன்னாள்.

"இந்த உடம்போடயா? மேல போறதுக்குள்ள காஞ்சு போயிருவியே!"

"இங்கேயே கெடந்தாலும் காயத்தானே போறோம்? கேட்டுட்டுக் காயறேன்."

பனித்துளி இருக்கும்போதே செங்காலி கிளம்பினாள். காய்ந்த ஓடைப் பாறைகள்மேல் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக ஏறினாள். வாலாட்டி முன்னால் பறந்து நிழல் இருக்கிற இடமாகப் பார்த்துச் சொன்னாள். பாசியில் எங்கேயாவது ஈரம் இருந்தால் அதில் தன் நெஞ்சு இறகைத் தோய்த்துவந்து, செங்காலியின் வயிற்று மடலில் பிழிந்துவிட்டாள். ஒரு தடவைக்கு நாலு சொட்டுகூடத் தேறாது. அப்படியே நாள் முழுக்கச் செய்தாள். இருட்டினதும் இருவரும் ஓர் ஈரக்கல்லுக்கு அடியில் ஒண்டிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் செங்காலி தடுப்பின் அடிக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே ஒரே கொண்டாட்டம். அப்போதுதான் முள்ளன் கல் நனைந்திருக்கிறது என்று கத்தியிருந்தான். குட்டிகள் சறுக்கிக்கொண்டிருந்தன. விருந்தாளிகளுக்கு நடுவில் நின்றிருந்த சடையன், தடுப்புமேல் ஏறி வந்த நண்டைப் பார்த்தான். நாலு பேர் சிரிப்பார்களே என்று அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

நாலு பேர் சிரிக்கவும் செய்தார்கள்.

செங்காலி மல்லாந்து படுத்து வயிற்று மடலைத் திறந்து காட்டினாள். பக்கத்தில் வந்து குனிந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. கடுகு கடுகாகப் பிள்ளைகள். சிலது மெல்ல அசைந்தன. சிலது அசையவில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது.

சடையனுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் வாய்ப்பழக்கம் விடுமா? தடுமாறிக்கொண்டே, வாலாட்டியிடம் சொன்ன அதே நியாயத்தை மறுபடி சொன்னான். தண்ணீர் எங்கேயும் போய்விடவில்லை, மாசியில் உருகி அவள் மடுவுக்கே வந்து சேரும் என்றான்.

"வரும் அண்ணே," என்றாள் செங்காலி. "அது வரும்போது நாங்க இருக்கணுமே."

செங்காலி புரண்டு எழுந்து, இவ்வளவு நாளும் பெயர் மட்டும் கேட்டிருந்த அந்த வரிக்கல்லைப் பார்த்தாள். தடுப்பைப் பார்த்தாள். மறுபடி கல்லைப் பார்த்தாள்.

"இதைப் பாத்துத்தானா தெனமும் சரின்னு சொல்றீங்க? கல்லு தடுப்புக்கு மேல, உங்க குளத்துக்குள்ள நிக்குது. அது நனையாம என்ன செய்யும்?"

முள்ளன் வாயைப் பிளந்தான். கொம்பாயி கல்லையும் தடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். தடுப்பு கட்ட மண் சுமந்த கால்கள்தான் அங்கே நின்ற அத்தனையும். தினமும் "அப்ப சரி" சொன்ன வாய்கள்தான் அத்தனையும். ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. கல்லைப் பார்க்கிற பழக்கத்தில் கீழே பார்க்க மறந்துவிட்டார்கள்.

கொம்பாயி தண்ணீருக்குள் இறங்கினாள். கொம்பைத் தாழ்த்தித் தடுப்பின் முதல் கல்லை முட்டித் தள்ளினாள். அடுத்த கல்லுக்கு அவள் தலையைத் தாழ்த்தியபோது அதை இரண்டு கறுத்த கைகள் பிடுங்கிக்கொண்டிருந்தன. சடையன்தான். பிறகு குட்டிகள் சறுக்குவதை விட்டுவிட்டு ஓடிவந்தன. விருந்தாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். சிறிது நேரத்தில் தடுப்பு உடைந்து தண்ணீர் காய்ந்த பாறைகளில் இறங்கியது.

சடையன் கை நிறைய ஈரப்பாசி எடுத்து அதற்குள் செங்காலியை வைத்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீருக்கு முன்னாலேயே கீழே ஓடினான்.

மடுவை அவன் அன்றுதான் பார்த்தான். வெடித்த சேறு. நடுவில் ஓர் ஈரக்கறை. அதில் மீன்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பாதி துடித்தன, பாதி துடிக்கவில்லை. சடையன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

திறந்துவிட்ட தண்ணீர் உடனே வந்துவிடவில்லை. எத்தனையோ நாளாகத் தாகத்தில் கிடந்த ஓடை, வழியில் ஒவ்வொரு கல்லிடுக்கிலும் அதைக் குடித்துக்கொண்டே விட்டது. சடையன் மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். பாசி காயக் காய, தன் மூச்சின் ஈரத்தை அதன்மேல் ஊதிக்கொண்டே இருந்தான். சீக்கிரம் வா, தாயே, சீக்கிரம் வா என்று தண்ணீரைக் கெஞ்சினான். ஒரு மாதமாக அவன் கொப்பை முக்கி உதறி விளையாடிய அதே தண்ணீரைத்தான்.

வெயில் சாய்கிற நேரத்தில் மேல்பாறையில் ஒரு கோடு கறுத்தது. அது விரல் அகலமானது. பிறகு சளசளவென்று சத்தம் கேட்டது.

செங்காலி மடுவில் இறங்கி மடலைத் திறந்தாள். ஓடுகிற தண்ணீர் உள்ளே போய்வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிள்ளை பிடியை விட்டு நீந்தியது. பிறகு இன்னொன்று. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சடையனும் கூடவே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டான்.

"ஒம்பது பேர் வரலை," என்றாள் செங்காலி.

அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. ஒரு கல்லுக்கு அடியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சடையன் அன்று பொழுது இருட்டும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தான். வாலாட்டிக் குருவி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அவன் மலையெல்லாம் தேடி, இடுப்பில் வெள்ளை வரி ஓடுகிற ஒரு கல்லைக் கண்டுபிடித்தான். மேலிருந்த வரிக்கல்லை விடச் சிறியது. அதைத் தன் தோளில் சுமந்துகொண்டு பள்ளத்தில் இறங்கினான். எந்த உயரத்தில் தண்ணீர் நின்றால் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டாது என்று செங்காலியிடம் கேட்டு, வெள்ளை வரி சரியாக அந்த மட்டத்துக்கு வருகிற மாதிரி மடுவுக்கு நடுவில் அதை நட்டான்.

இனிமேல் கல் பார்ப்பவர் மடுவரைக்கும் இறங்கித்தான் பார்க்க வேண்டும் என்று ஆயிற்று. முள்ளன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினான். தினமும் அவ்வளவு தூரம் இறங்கி ஏற யாரால் முடியும் என்றான். நீ போக வேண்டாம், நான் போகிறேன் என்றான் சடையன். அன்றிலிருந்து தினமும் காலையில் அவன்தான் போகிறான். செங்காலி கல்லருகே வந்து கொடுக்கை உயர்த்திக் காட்டினால், கீழேயிருந்து ஒரு குரல் மேலே போகும். அவள் கொடுக்கை உயர்த்தாத நாளில் மூங்கில் வாய்க்காலை விலக்கிவிட்டு, மலையே ஓடைக்கு நடந்துபோய்க் குடிக்கும்.

குட்டிகள் இப்போதும் சறுக்குகின்றன. மார்கழியில் தானாக உறைகிற நாளில், உறைகிற இடத்தில் மட்டும். சறுக்கல் சின்னதுதான். ஆனாலும் கெக்கெக்கே என்ற அந்தச் சிரிப்பு மடுவரைக்கும் கேட்கும். கேட்டால் முப்பத்தொரு சின்ன நண்டுகள் கல்லுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

நாம் எடுத்தது அதிகமா இல்லையா என்று தெரிய வேண்டுமானால், நம் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதாது. நமக்குக் கீழே இருப்பவர் மடு நிறைந்திருக்கிறதா என்று இறங்கிப்போய்ப் பார்க்க வேண்டும்.